திரும்பி வந்த பயணிகளும் திரும்பாத வேன்களும்: இலங்கைச் சுற்றுலாவின் சுமை யார் தலையில்?

நீர்கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார். இருபது வருசத்துக்கு மேல் சுற்றுலா வேன் ஓட்டியவர், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சரளம், ஜேர்மன் மொழியில் விலை பேசுகிற அளவுக்கும் தெரியும். 2018 கடைசியில் கைச்சேமிப்பை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு ஒரு ஏசி வேன் எடுத்தார். அந்த நேரத்தில் அது ஒன்றும் அவசரப் புத்தி இல்லை. 2018இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 23 லட்சத்து 33 ஆயிரம் பேர், அதுவரை காணாத எண்ணிக்கை. 2019இல் உலகத்தில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய நாடு இலங்கை என்று லோன்லி பிளானட் எழுதியிருந்தது. வங்கியும் லீசிங் கொம்பனியும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்த காலம் அது.

ஆறு மாதம்கூட ஓடவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று சொகுசு ஹோட்டல்கள் என்று ஒரே காலையில் 250 பேருக்கு மேல் பலி. அந்த அண்ணன் அன்றைக்கு மதியம் அந்த வேனில் சனத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேன் அவரிடம் இல்லை. இன்னொருவருடைய வேனை நாள் கூலிக்கு ஓட்டுகிறார்.

இவர் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றுலாத்துறைக்கு என்ன ஆபத்து என்று கேட்டால் எல்லாரும் குண்டு, சுனாமி, கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று வரிசையாகச் சொல்வோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இலங்கைச் சுற்றுலாவின் நாற்பது வருசக் கணக்கைப் பார்த்தால், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பயணிகள் திரும்பி வந்திருக்கிறார்கள், சில நேரம் நாம் நினைப்பதை விடச் சீக்கிரமாகவே. அடி விழுந்ததற்கும் அவர்கள் திரும்பி வந்ததற்கும் நடுவில் இருக்கிற அந்த மாதங்களை யார் தலையில் கட்டிவிடுகிறோம் என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

1982இல் வருசத்துக்கு 4 லட்சம் பேரைத் தாண்டியிருந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு விழுந்தது, 1987இல் 2 லட்சத்துக்கும் கீழே போனது. பிறகு மெதுவாக ஏறும்போது 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல், திரும்பவும் சரிவு. 2004 சுனாமி வருகிறபோது ஒரு விநோதம் நடந்தது. கரையோரம் முழுக்க உடைந்து, ஏறக்குறைய 35 ஆயிரம் பேர் செத்து, தெற்கிலும் கிழக்கிலும் ஹோட்டல்கள் மண்மேடாகக் கிடந்த 2005இல், வருகைக் கணக்கு வெறும் மூன்று சதவீதம்தான் குறைந்தது. ஏனென்றால் நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டவர்களும் அதே கணக்கில்தான் ஏறினார்கள். காகிதத்தில் சுற்றுலா தப்பித்துவிட்டது, ஹிக்கடுவையில் கடல் பார்த்த அறை நான்கு வைத்திருந்தவர் தப்பவில்லை. எண்ணிக்கை ஒன்றைச் சொல்லும், தெரு வேறொன்றைச் சொல்லும் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2019க்கு வருவோம், ஏனென்றால் ஒரு அடி எப்படிக் கீழே இறங்குகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. குண்டு வெடித்தவுடனே பயணிகள் பயந்து ஓடினார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பயம் பாதிதான். மீதிப் பாதியைச் செய்தது காப்புறுதி. பிரித்தானியா போன்ற நாடுகளின் வெளியுறவு அமைச்சு “அத்தியாவசியமில்லாத பயணம் வேண்டாம்” என்று அறிவுறுத்தல் போட்டால், அந்த நாட்டுப் பயணியின் காப்புறுதி பெரும்பாலும் செல்லாமல் போய்விடும். காப்புறுதி இல்லாமல் ஆட்களை அனுப்ப அங்குள்ள பயண முகவர் துணிய மாட்டார், அனுப்பி ஏதாவது நடந்தால் பொறுப்பு அவர் தலையில். அதனால் வர விருப்பம் இருக்கிறவரும் வர முடியாது. பிரித்தானியாவின் அறிவுறுத்தல் ஜூன் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. 2018 மே மாதத்தில் வந்தவர்கள் 1 லட்சத்து 29 ஆயிரம் பேர், 2019 மேயில் 37 ஆயிரத்து 800 பேர். பத்தில் ஏழு பேர் இல்லை.

ஆனால் அதே வருசம் டிசம்பரில் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள், முந்தைய டிசம்பரை நெருங்கிவிட்ட எண்ணிக்கை. எட்டே மாதம். ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்துக்கு எட்டு மாதம் ஒரு மோசமான நிதியாண்டு, அவ்வளவுதான். அவர்களுக்கு வேறு தொழில் இருக்கும், வேறு நாட்டில் ஹோட்டல் இருக்கும், வங்கியில் பேசிக் கடனை மாற்றி எழுத ஆள் இருக்கும். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டிய வேன்காரருக்கு எட்டு மாதம் என்பது எட்டுத் தவணை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சுற்றுலாத்துறைக் கடன்களுக்குத் தவணைச் சலுகை கொடுக்கச் சொல்லி மத்திய வங்கி அறிவித்தது, கொரோனா வந்ததும் அதைத் திரும்பத் திரும்ப நீட்டியது. ஆனால் சலுகை என்றால் என்ன? தவணையைத் தள்ளிப்போடுவது. வட்டி தள்ளிப்போகவில்லை, அது உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. அதோடு இந்தச் சலுகைகள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்தவர்களை நோக்கித்தான் போயின. வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிற அம்மா, கடற்கரையில் இளநீர் வெட்டுகிறவர், சிங்கள மரக்கறிச் சாப்பாடு சமைக்கச் சொல்லிக்கொடுக்கிற அக்கா, மிரிஸ்ஸவில் படகில் கயிறு பிடிக்கிற பொடியன், இவர்களில் எத்தனை பேர் எந்தப் பதிவேட்டில் இருந்தார்கள்? அண்ணன் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “தம்பி, ஆறு மாசம் கட்டத் தேவையில்லை எண்டு சொன்னாங்க, நான் சந்தோசப்பட்டன். ஏழாம் மாசம் கடிதம் வந்துது, எடுத்த கடனைவிடக் கட்ட வேண்டிய கடன் கூட.”

கொரோனாவில் 2020இல் வந்த 5 லட்சம் பேரில் பெரும்பாலானோர் மார்ச்சுக்கு முன்னால் வந்தவர்கள், 2021இல் மொத்தமே 1 லட்சத்து 94 ஆயிரம். அது முடிந்து மூச்சு விடுகிற நேரத்தில் 2022. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. அந்த மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது, அதாவது டயரும் உதிரிப்பாகமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டீசல் வரிசையில் இரண்டு நாள் கிடந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று தெரியும். சும்மா வைத்திருந்தால் வட்டி, ஓட்டலாம் என்றால் டீசல் இல்லை. தவணை கட்டவில்லை என்று அண்ணனின் வேனை லீசிங் கொம்பனி அந்த வருசம்தான் தூக்கியது.

வேனை இழந்தவர் பிறகு ஏன் இன்னொன்று வாங்கவில்லை என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு அது நீங்கியது 2025 தொடக்கத்தில்தான். நடுவில் ஐந்து வருசம், நாட்டுக்குள் இருந்த பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. 2018இல் அவர் வாங்கிய விலைக்கு 2024இல் அதே வேனின் அரைவாசிகூடக் கிடைக்காது. பயணிகள் திரும்பி வந்தபோது அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி அடிவாங்காத கைகளுக்குப் போயிருந்தது. ஒவ்வொரு நெருக்கடிக்குப் பிறகும் இந்தத் தொழிலின் சொத்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய ஆபத்து, ஏனென்றால் அடுத்த அடியைத் தாங்குகிற சக்தி கீழே இருக்கிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போகிறது.

ஆட்களும் நகர்கிறார்கள், வெளியே. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதில் எத்தனை சமையற்காரர்கள், எத்தனை வரவேற்பு மேசைக்காரர்கள் என்று ஹோட்டல் நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும். பத்து வருச அனுபவம் உள்ள சமையற்காரர் டோஹாவில் இருக்கிறார், இங்கே அடுப்படியில் நேற்றுச் சேர்ந்த பையன் நிற்கிறான்.

சரி, இப்போது எல்லாம் சரியாகிவிட்டதே என்பார்கள். 2025இல் 23 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டிப் பயணிகள் வந்தார்கள், 2018 சாதனை முறிந்தது. ஆனால் வருமானத்தைப் பாருங்கள். 2018இல் சுமார் 4.4 பில்லியன் டொலர் என்று கணக்குக் காட்டினோம், 2025இல் அது 3.2 பில்லியன் அளவில் நிற்கிறது. ஆள் கூட, காசு குறைவு. இந்த வருமானக் கணக்கு பயணி ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறார், எத்தனை நாள் தங்குகிறார் என்று மாதிரிக் கணக்கெடுப்பு வைத்து மதிப்பிடுவது, அதனால் இரண்டு வருசத்தை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அப்படியே வைத்தாலும் ஒரு பில்லியன் டொலர் இடைவெளி சின்ன விசயமில்லை. ஒரு அறைக்கு இணையத்தில் முன்பதிவு வந்தால் 15 சதவீதமோ அதற்கு மேலோ தரகு அந்தத் தளத்துக்குப் போகிறது, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு டொலர் குறைத்தால் இவரும் குறைக்க வேண்டும், இப்படிக் குறைத்துக் குறைத்து அறைகள் நிறைகின்றன, கை நிறையவில்லை. இருந்தும் ஒவ்வொரு மாதமும் செய்தியில் வருவது வருகை எண்ணிக்கை மட்டும்தான், தேர்வு முடிவு மாதிரி.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்பது. 2022 தொடக்கத்தில் ரஷ்யாவும் உக்ரைனும் நமக்கு முன்னணிச் சந்தைகள். பிப்ரவரி 24இல் ஒன்று மற்றதன் மேல் படையெடுத்தது, இரண்டு சந்தையும் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. இங்கே மாட்டிக்கொண்டவர்களின் வங்கி அட்டைகூட வேலை செய்யவில்லை. ஜூனில் ஒரு வழக்கின் பேரில் ஏரோஃப்ளொட் விமானத்தைக் கட்டுநாயக்கவில் தடுத்து வைத்தோம், அந்த நிறுவனம் சேவையை நிறுத்தியது, திரும்பி வர ஒக்டோபர் ஆனது. டீசலுக்கு டொலர் தேடி அலைந்த மாதங்கள் அவை. இப்போது ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியாவிலிருந்து வருகிறார்கள். பக்கத்து நாடு, குறைந்த விமானக் கட்டணம், நல்லதுதான், ஆனால் ஒரே சந்தையில் கூடுதலாகச் சாய்ந்தால் அந்த அரசோடு ஒரு மனக்கசப்பு வந்தாலே போதும். மாலைதீவுக்கு 2024 ஜனவரியில் நடந்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம்: சமூக ஊடகத்தில் மூன்று துணை அமைச்சர்கள் எழுதியதற்காக இந்தியப் பயணிகள் அந்த வருசம் பெருமளவு குறைந்தார்கள்.

நாமே தேடிக்கொள்கிற அடிகளும் உண்டு. 2024 ஏப்ரலில் இணைய விசா முறையை வெளிநாட்டு நிறுவனக் கூட்டு ஒன்றிடம் கொடுத்தார்கள், கட்டணம் ஏறியது, விமான நிலையத்தில் குழப்பம், ஒரு காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, அந்த உத்தரவை நடைமுறைப்படுத்தவில்லை என்று குடிவரவுத் திணைக்களத் தலைவரே செப்டெம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். அதே ஏப்ரலில்தான் களுத்துறையில் ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் உளுந்து வடைக்கும் தேநீருக்கும் 800 ரூபாய் வாங்கியவரைப் பொலிஸ் பிடித்தது. வாங்கியது பிழைதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் காணொளி வந்த பிறகு ஒருவரைப் பிடிப்பதால் அடுத்த கடையில் விலைப்பலகை தொங்காது. எல்லவில் செயலி மூலம் அழைத்த ஓட்டோவை உள்ளூர் ஓட்டோக்காரர்கள் மறிப்பதற்கும் வேர் இதுதான்: சீசன் ஆறு மாதம், தவணை பன்னிரண்டு மாதம், கிடைத்த பயணியிடம் முழுவதையும் பிடுங்கிவிட வேண்டும் என்ற பதற்றம். அந்தப் பதற்றத்துக்குக் காரணமான கடனை விட்டுவிட்டு ஆளை மட்டும் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

மெதுவாக வருகிற ஆபத்துகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை குறையாகிவிடும், ஏனென்றால் அவை எந்த மாத அறிக்கையிலும் வராது. மின்னேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வறட்சியில் குளம் வற்றும், வற்றிய இடத்தில் இளம் புல் முளைக்கும், சுற்றுவட்டக் காட்டிலிருந்து முந்நூறு வரை யானைகள் அந்தப் புல்லுக்காகக் கூடும். ஆசியாவில் காட்டு யானைகள் இவ்வளவு திரளாகக் கூடுவது வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாத காட்சி, சாயந்திர வெளிச்சத்தில் குட்டிகளை நடுவில் விட்டுத் தாய்மார் நகர்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மொறகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு வறட்சி மாதங்களிலும் மின்னேரியாக் குளத்தில் தண்ணீரை உயர்த்தி வைத்தார்கள். விவசாயிக்கு அது நல்ல செய்தி. ஆனால் தண்ணீர் இறங்காவிட்டால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானை கூடாது, மெலிந்த யானைகள் ஊருக்குள் வருகின்றன. ஹபரணையில் ஜீப் ஓட்டுகிறவர்களின் பிழைப்பு ஒரு மதகை எந்த மாதம் திறக்கிறார்கள் என்பதில் தொங்குகிறது. நீர்ப்பாசனத்துக்கும் வனசீவராசிகளுக்கும் சுற்றுலாவுக்கும் பொறுப்பானவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து நாள் குறித்தால் தீரக்கூடிய விசயம் இது.

யாலவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் நெருக்கிக்கொண்டு நிற்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,680 தொன் அளவில் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்தன, நீர்கொழும்புக் கரையில் மணலை அள்ளினால் அரிசி மாதிரிக் கைக்கு வரும். கொரோனாக் காலம் என்பதால் பார்க்கப் பயணிகள் இல்லை, அதனால் சுற்றுலாவுக்குப் பாதிப்பில்லை என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள். மலைநாட்டில் எல்ல, நுவரெலியா பக்கம் சரிவுகளை வெட்டி வெட்டி விடுதி கட்டினோம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது, 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், மலைகள் சரிந்தன, உலகமே படமெடுத்துப் போடுகிற அந்த மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. செத்தவர்களில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்கள் பலர். நாம் விளம்பரப் படத்தில் பின்னணியாக வைக்கிற பச்சைச் சரிவு அவர்களுடைய வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கிறது.

வடக்குக் கிழக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றுலாவின் லாபம் இங்கே மெதுவாக வந்தது, அடி மட்டும் மற்றவர்களோடு சேர்ந்தே வந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2019 கடைசியில் தொடங்கியது, சில மாதத்தில் கொரோனா, திரும்ப ஆரம்பிக்க 2022 டிசம்பர் ஆனது. நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் புறப்பட்டது, சில நாளில் பருவமழைக்காக நின்றது, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் வந்தது. இப்படி விட்டு விட்டு ஓடுகிற சேவையை நம்பி யாழ்ப்பாணத்தில் ஒருவர் எந்தத் தைரியத்தில் விடுதி கட்டுவார்? காங்கேசன்துறைக் கரையில் போருக்குப் பிறகு நல்ல ஹோட்டல் நடத்தியது இராணுவம், அந்தக் காணிக்குச் சொந்தமானவர்கள் முகாமில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இஸ்ரேலியப் பயணிகள் நிறைய வருகிற, பொத்துவிலை ஒட்டிய அறுகம்பேயில் 2024 ஒக்டோபரில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது, இஸ்ரேல் தன் பிரஜைகளை வெளியேறச் சொன்னது. எங்கோ நடக்கிற போரின் நிழல் பொத்துவில் கடையில் விழுந்தது, கடைக்காரருக்கு அந்தப் போரில் எந்தப் பங்கும் இல்லை.

என்ன செய்யலாம்? எனக்குப் பெரிய திட்டமெல்லாம் இல்லை. 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனங்களின் விற்பனையில் ஒரு சதவீதமும், விமான நிலையத்தில் பயணி கட்டும் வரியில் ஒரு பங்கும் ஒரு நிதியத்துக்குப் போகிறது. அது பெரும்பாலும் விளம்பரத்துக்கும் அபிவிருத்திக்கும். அதில் ஒரு பகுதியைக் கெட்ட மாதங்களுக்கென்று பூட்டி வைக்கலாம். ஒரு வெளிநாட்டு அறிவுறுத்தல் வந்து வருகை பாதிக்குக் கீழே போனால், யாரும் விண்ணப்பம் போடாமலே, பதிவில் இருக்கிற வேன்காரருக்கும் வழிகாட்டிக்கும் அறை வாடகைக்கு விடுகிறவருக்கும் அந்த மாதத்து வட்டியை நிதியம் கட்டிவிட வேண்டும். தவணையைத் தள்ளிப்போடுவதால் பயனில்லை என்று 2019இலேயே பார்த்துவிட்டோம், அதனால் வட்டி என்று அழுத்திச் சொல்கிறேன். அதற்கு முதல் வேலை பதிவு. இப்போது பதிவு செய்யப் போனால் கட்டட அனுமதிப் பத்திரம், உள்ளூராட்சி அனுமதி, சான்றிதழ், கட்டணம் என்று அலைய வேண்டும், அதோடு வரிக்காரர் வருவார் என்ற பயம் வேறு. பிரதேச செயலகத்தில் அடையாள அட்டையையும் வாகனப் புத்தகத்தையும் காட்டி அரை மணி நேரத்தில் முடிகிற, கட்டணமில்லாத பதிவாக அது இருந்தால் அடுத்த தடவை யாருக்கு உதவ வேண்டும் என்ற பட்டியலாவது கையில் இருக்கும்.

டிட்வாவுக்கு அடுத்த வாரம் அண்ணனோடு பேசினேன். எல்லவுக்கு ஒரு ஜேர்மன் குடும்பத்தை ஏற்றிப் போக இருந்தாராம், பாதை இல்லை, பயணம் ரத்து. வேன் சொந்தக்காரருக்கு முற்பணம் மிஞ்சியது. இவருக்கு ஓடின நாளுக்குத்தான் கூலி.